திரவியம் சார் போட்ட ஒரே அடைமொழி

போன மாதம் ஒருநாள் களத்தில் குண்டு மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கவிதா போன் பண்ணினாள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு ஓவர்சீயராக வந்த பெண். கெட்டிக்காரி. கொஞ்சம் அவசரக்காரி.

"அக்கா, ஒத்தப்பனைவலசைப் பள்ளிக்கூடத்துல நிக்கிறேன். இப்ப எல்லாம் ஆப்புலதான ஏத்தணும்? கட்டடத்தோட நிலைன்னு கேக்குது. 'நன்று', 'இடிக்கத்தக்கது', 'இதர'ன்னு இருக்கு. எதை அமுக்க?"

"மொதல்ல கையை எடு," என்றேன்.

"ஏன்க்கா? பாம்பா அது?"

"பாம்பா இருந்தாக்கூடப் பரவாயில்ல. அடிச்சா ஒரு ஆபீஸ்லதான் கேப்பாங்க. எதையும் தொடாம வீட்டுக்குப் போ. எழுதித் தாரேன்."

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. சொன்னாலும் நம்பமாட்டாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் உத்தரகோசமங்கைப் பக்கம். அய்யா சம்சாரி. மிளகாயும் நெல்லும்தான் எங்கள் உலகம். கடல் எங்கள் வீட்டுக்குக் கருவாடாக வந்ததோடு சரி. பாலிடெக்னிக்கில் சிவில் படித்து ஓவர்சீயர் வேலைக்கு வந்தேன். முதல் சில வருஷங்கள் சிறுபாலம், குடிநீர்த் தொட்டி, கழிப்பறை என்று போயின. பெண்பிள்ளை ஏணியில் ஏறுவதைப் பார்க்கவே ஊரில் கூட்டம் கூடும். நான் ஏறி இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கலைவார்கள். நாளாக ஆக அவர்களுக்கே அலுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தொழில் கற்றுக்கொண்டேன்.

பழைய கட்டடத்தைப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது கவிதா, அது ஆப்பில் இல்லை. போனதும் உள்ளே நுழையக் கூடாது. வெளியே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நம் கரையில் கடல்காற்று அடிக்கிற பக்கச் சுவர்தான் முதலில் கெடும். உப்பு எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்று பார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஸ்கூட்டர் சாவியால் சுரண்டு. மாவாகக் கொட்டினால் கவலைப்படு. கீறல் மட்டும் விழுந்தால் சுண்ணாம்பு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. கெட்டியான இடம் ஒரு சத்தம் தரும், பொக்கையான இடம் வேறு சத்தம் தரும். கடைசியாக டீச்சரிடம் ஒரு கேள்வி கேள்: "எந்த இடத்துல பிள்ளைகள உக்கார வைக்க மாட்டீங்க?" அவர் கை காட்டுகிற இடத்துக்குப் போய் நிமிர்ந்து பார். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இனி திரவியம் சார். எங்கள் ஒன்றியப் பொறியாளர், மண்டபத்துக்காரர். சலவை மடிப்புக் கலையாத சட்டை, பையில் பச்சை மைப் பேனா. கோப்பு எதைக் கொண்டுபோய் வைத்தாலும் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி அனுப்பிவிடுவார். சரி, பேசலாம் என்று போய் நின்றால், முழுக்கக் கேட்டுவிட்டு, "இதையே எழுதிக் கொண்டாங்க பாண்டியம்மா," என்பார். எழுதிக்கொண்டு போனால் மறுபடி 'பேசவும்'. இப்படி நடந்து நடந்தே எனக்குச் சர்க்கரை வராமல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவருக்கு அடைமொழி என்றால் ஆகாது. கண்டால் அடிப்பார். ஒருமுறை 'பெரிய விரிசல்' என்று எழுதியிருந்தேன். 'பெரிய'வை அடித்தார்.

"எதுக்கும்மா இந்தப் பெரிய? எம்புட்டுப் பெருசுன்னு ஆடிட்ல கேப்பான். விரிசல் போதும். அடைமொழி போட்டா நம்ம தலையில விடியும்."

இப்படி 'ஆழமான கிணறு' கிணறு ஆனது. 'உடைந்த பாலம்' வெறும் பாலம் ஆனது. அதற்கு நிதி கேட்டுப் போன கடிதம், பாலம்தான் இருக்கிறதே, நிதி எதற்கு என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. அதிலும் 'பேசவும்' என்று எழுதினார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்தக் கடிதத்துக்கும் அடியில், தகவலுக்காக நகல் என்று போட்டு, மாவட்டத்தில் இருக்கிற அத்தனை துறைக்கும் அனுப்புவார். கழிப்பறைக்குக் கதவு மாற்றினால் கால்நடைத் துறைக்கு நகல் போகும். "நாளைக்கு யாரும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லக் கூடாதும்மா," என்பார்.

இந்த நிலையில்தான் எங்கோ ஓர் ஊரில் பள்ளிச் சுவர் விழுந்ததாகப் பேப்பரில் செய்தி வந்தது. பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பிள்ளைகள் உயிர் விஷயம், உத்தரவில் தப்பே சொல்ல முடியாது. ஆனால் அது ஒவ்வொரு மேஜையாகக் கீழே இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்தபோது, 'பழுதான' என்பது 'பழைய' என்று ஆகியிருந்தது. ஒத்தப்பனைவலசையும் அதில் மாட்டிக்கொண்டது.

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர் அது. பள்ளிக்கூடம் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும். கடல்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய சுவர், பனங்கைச் சட்டம் போட்ட ஓட்டுக் கூரை. உற்றுப் பார்த்தால் கல்லில் தேன்கூடு மாதிரிப் பொடிப் பொடித் துளையாக இருக்கும். உள்ளே காலை வைத்ததுமே வெயில் விட்டுப்போகும். நான் சாவியால் சுரண்டினேன், கீறல்தான் விழுந்தது. தட்டிப் பார்த்தேன், கெட்டிச் சத்தம். வடகிழக்கு மூலையில் மட்டும் பனங்கையைச் செல் அரித்து, ஓடு தொங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை ஜமீலா டீச்சரும் அந்த மூலையைத்தான் காட்டினார். அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் வந்திருந்த படிவத்தில் மராமத்து என்று ஒரு கட்டமே இல்லை. பழையதா, ஆமாம், இல்லை. அவ்வளவுதான்.

"இடிச்சுட்டுப் புதுசு கட்டித் தருவாங்க டீச்சர்," என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

"பக்கத்தூர்லயும் அப்படித்தான சொன்னாங்க? இடிச்ச எடத்துல வேலிக்கருவை நிக்கிது, பாத்தீங்கள்ல?" என்றார் டீச்சர். அவர் குரலை உயர்த்திப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு உயர்த்தினார். "இதை இடிச்சா, ரோட்டுக்கு அங்கிட்டு உள்ள பள்ளிக்கூடத்தோட சேத்துருவாங்க. லாரி பறக்குற ரோடு. பயலுகள அனுப்புவாங்க. பொம்பளப் பிள்ளைகள அனுப்ப மாட்டாங்க, நண்டு உரிக்க உக்கார வச்சுருவாங்க. எங்க லாத்தாவுக்கு, கூடப் பொறந்த அக்காவுக்கு, அப்படித்தான் படிப்பு நின்னுச்சு. இன்னைக்கும் அது எங்கிட்ட பஸ் போர்டு படிக்கச் சொல்லிக் கேக்குது, ஓவர்சீயரம்மா."

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

டீச்சரே ஒரு வழியும் சொன்னார். ராமநாதபுரத்தில் ஏதோ ஒரு பழைய கட்டடத்து வாசலில் 'பாரம்பரியச் சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை' என்று நீலப் போர்டு பார்த்திருக்கிறார். "அந்த மாதிரி ஒரு போர்டு கிடைச்சாப் போதும். யாரும் கை வைக்க முடியாதுல்ல?"

அந்தப் போர்டைக் கொடுக்கிற பாரம்பரியக் குழுவிடமிருந்து விண்ணப்பத்தை வரவழைத்தோம். கட்டிய வருஷம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்பது முதல் கேள்வி. ஊருக்கு வயது சொல்கிற ஆள் பெற்றோர் சங்கத் தலைவர் முனியசாமி, வலைக்காரர். முதல் நாள் கேட்டபோது, "வெள்ளக்காரன் காலத்துக் கட்டடம்," என்றார். பழையதாக இருந்தால்தான் போர்டு கிடைக்கும் என்று தெரிந்ததும், மறுநாள் ராஜா காலத்துக்குப் போய்விட்டார். மூன்றாவது தடவை போனபோது கட்டடம் இதிகாச காலத்தை எட்டியிருந்தது.

"ராமர் பாலம் கட்டுனார்ல தாயி, அதுல மிஞ்சுன கல்லு இது. மிதக்கும். வேணும்னா பாருங்க."

வாளி நிறையத் தண்ணீர் வந்தது. கீழே உதிர்ந்து கிடந்த கல் ஒன்றை எடுத்து, கும்பிட்டுவிட்டுப் போட்டார். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. கூடியிருந்தவர்கள் வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

முனியசாமி கொஞ்சமும் அசரவில்லை. "பள்ளிக்கூடத்துலயே இருந்துச்சுல்ல, படிப்பு ஏறிக் கனம் கூடிருச்சு," என்றார்.

இங்கு பயின்ற புகழ்பெற்றவர்கள் என்று ஒரு கேள்வி. அதில் ஊரே இரண்டுபட்டது. கடைசியில், அரசு பஸ் கண்டக்டராக இருக்கிற ஒருவர் பெயரை எழுதினோம். அவர் மட்டும்தான் வெளியூர்க்காரர்களுக்கும் முகம் தெரிந்தவர்.

விண்ணப்பத்தோடு பொறியாளர் சான்றும் வேண்டும். திரவியம் சாரிடம் கொண்டுபோனேன். 'பேசவும்' வந்தது. பேசப் போனேன்.

"பாண்டியம்மா, கட்டடம் பலமா இருக்குன்னு எழுதுனா, பாதுகாக்கச் சொல்லி எதுக்கு மனுன்னு கேப்பான். பலமா இல்லன்னு எழுதுனா, ஏன் இன்னும் இடிக்கலன்னு கேப்பான். என்ன எழுத?"

"மூலையில ஓடு மாத்தினாப் போதும்னு உள்ளதை எழுதுவோம் சார்."

"உள்ளதை எழுத எங்க எடம் இருக்கு?" படிவத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். உண்மைதான், இடம் இல்லை. யோசித்து யோசித்து, 'கட்டடம் உள்ளது' என்று எழுதினார். இதை யாரும் மறுக்க முடியாது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அடுத்த கட்டம், கட்டுமானப் பொருளும் அதன் சிறப்பும். நான் 'கடல்கல்' என்று எழுதியிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் அது கடல்கல்தான்.

"விலைப்பட்டியல்ல கடல்கல்லுன்னு ஒண்ணு இல்லையேம்மா," என்று அதை அடித்துவிட்டு, பச்சை மையில் அதன் புத்தகப் பெயரை, 'பவளப்பாறை' என்று எழுதினார். பேனாவை மூடப் போனவர் மூடவில்லை. ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, பவளப்பாறைக்கு முன்னால் 'அரிய' என்று சேர்த்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனுஷர் பேனாவிலிருந்து ஓர் அடைமொழி வந்து நான் பார்த்ததே கிடையாது. கடிதம் போனது. வழக்கம்போல் அத்தனை துறைக்கும் நகல் போனது. அதில் ஒன்று வனத்துறைக்கு.

பாரம்பரியக் குழுவிலிருந்து பதிலைக் காணோம். வனத்துறை ரேஞ்சர்தான் வந்து இறங்கினார். சின்ன வயசு, நல்ல பிள்ளை. பள்ளிக்கூட வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். டீச்சர் எனக்குப் போன் பண்ணி வரச்சொல்ல, நான் போய்ச் சேர்ந்தபோது சுவரைக் காட்டி டீச்சரிடம் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"மேடம், இதை எந்தத் தீவுல எடுத்தீங்க?"

"நான் எங்க எடுத்தேன்? வேலைக்கு வரும்போதே இங்கனதான் இருந்துச்சு."

"அனுமதி இருக்கா?"

"எதுக்கு சார் அனுமதி? கல்லுக்கா?"

"பவளம் கல்லு இல்ல மேடம். பிராணி. புலி எந்தப் பட்டியல்ல இருக்கோ, சட்டத்துல அதே பட்டியல்லதான் இதுவும் இருக்கு. அனுமதி இல்லாம வச்சிருந்தாக் கேஸ்."

முனியசாமி முன்னால் வந்தார். "அப்ப நாங்க புலி வயித்துக்குள்ள உக்காந்தா ஏ, பி, சி, டி படிச்சோம்?"

ரேஞ்சர் தன் படிவத்தை எடுத்தார். முதலில் எடுத்தது யார் என்று கேட்டார். முனியசாமி நெஞ்சை நிமிர்த்தி, "ராமச்சந்திர மூர்த்தி," என்றார். ரேஞ்சர் எழுதினார். தகப்பனார் பெயர் என்றார். "தசரதர்," என்று பதில் வந்த பிறகுதான் பேனா நின்றது.

அந்தப் பெயரை அடித்துவிட்டு 'தெரியாத நபர்' என்று எழுதிக்கொண்டு மேலே போனார். படிவம் மானுக்கும் மயிலுக்கும் அச்சடித்தது. ஆணா பெண்ணா என்று கேட்டது. பொருந்தாது என்று எழுதினார். நீளம் கேட்டது. நான் டேப் பிடித்து அளந்து சொன்னேன். உடம்பில் காயம் உண்டா என்று கேட்டது. "வடகிழக்கு மூலையில," என்றேன். எழுதிக்கொண்டார். உயிருடன் உள்ளதா, இறந்த நிலையா என்று கேட்டது. "இறந்த நிலைதான்," என்று ரேஞ்சர் பேனாவை வைத்தபோது, உள்ளே இருந்து பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கத்த ஆரம்பித்தார்கள். சுவரே அதிர்ந்தது.

"செத்ததுன்னா இம்புட்டுச் சத்தம் எங்கிட்டிருந்து சார் வருது?" என்றார் டீச்சர்.

ரேஞ்சருக்கு என்ன தோன்றியதோ, அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டுவிட்டார்.

அதுவரைக்கும் எல்லோருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பறிமுதல் செய்த பொருளை ரேஞ்ச் ஆபீசில் வைத்துப் பூட்ட வேண்டும், கொண்டுபோக முடியாவிட்டால் இருக்கிற இடத்திலேயே பூட்ட வேண்டும் என்று அவர் சொன்னதும் சிரிப்புப் போய்விட்டது. டீச்சர் தாழ்வாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "போர்டுதான சார் கேட்டேன். பூட்டைக் கொண்டாந்துட்டீங்களே," என்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு ரேஞ்சர் மேலும் கோபம், சார் மேலும் கோபம், அந்த 'அரிய' மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

ரேஞ்சருக்கும் மனசு கேட்கவில்லை. சட்டப் புத்தகத்தை ஜீப்பிலிருந்து எடுத்துவந்து அங்கேயே உட்கார்ந்து புரட்டினார். கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. நம்பகமான ஆளிடம் பொறுப்பில் ஒப்படைக்கலாம். ஒப்படைத்தார், ஜமீலா டீச்சரிடம். நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்கினார். பொருளை இடமாற்றம் செய்யக் கூடாது. உடைக்கவோ சுரண்டவோ கூடாது. பொறுப்பாளர் வேலை நாள் தவறாமல் அங்கே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாலைந்து நாள் கழித்து ஜேசிபி வந்தது. இடிப்பு உத்தரவு அதுபாட்டுக்கு வேறு பிரிவில் நகர்ந்து கையெழுத்தாகியிருந்தது. டீச்சர், "புலிக்குள்ள அதே சட்டம்," என்று ஒப்படைப்புக் காகிதத்தை நீட்டினார். டிரைவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஒப்பந்தக்காரரைப் பார்த்தார்.

"ஏண்ணே, பள்ளிக்கூடம்னுதான சொன்னீக? இதுல புலி கேஸுன்னு போட்டுருக்கு. எனக்குப் பிள்ளகுட்டி இருக்குண்ணே." வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் திரவியம் சாரிடம் வந்தது. இடித்தால் வன உயிரினத்தை அழித்த குற்றம். பள்ளியை மூடினால் பறிமுதல் பொருளுக்குக் காவல் இல்லை. டீச்சரை மாற்றினால் பொறுப்பாளர் இல்லை. நான் எதிரே நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் 'பேசவும்' எழுதவில்லை. எழுதிக் கொண்டாங்க என்றும் சொல்லவில்லை. கோப்பில் 'அப்படியே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வடகிழக்கு மூலைக்கு மதிப்பீடு போடும்போது மராமத்து என்று எழுத வழி இல்லாததால், 'காயத்துக்குச் சிகிச்சை' என்று எழுதினேன். ரேஞ்சர் அனுமதி கொடுத்தார், சார் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. பனங்கையும் ஓடும் மாற்றினோம்.

பாரம்பரியக் குழுவின் பதில் வெகுநாள் கழித்து வந்தது. கட்டடங்களை மட்டுமே பட்டியலில் சேர்க்க முடியும், பிராணிகளைச் சேர்க்க விதியில் இடம் இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். டீச்சர் கேட்ட நீலப் போர்டு இன்றுவரை வரவில்லை.

திரவியம் சார் ஓய்வு பெற்ற அன்று, மாலையெல்லாம் போட்டு முடிந்த பிறகு கேட்டேன். "சார், பவளத் தீவுக்கு எதுத்தாப்புல உள்ள மண்டபத்துல பிறந்து வளர்ந்தவரு நீங்க. பவளம்னா யார் வருவாங்கன்னு தெரியாமயா இருந்திருக்கும்? அந்த 'அரிய'வைத் தெரிஞ்சுதான போட்டீங்க?"

"எழுதிக் கொண்டாங்க பாண்டியம்மா," என்றார்.

விடுவேனா? அங்கேயே ஒரு தாளில் எழுதி நீட்டினேன். பச்சை மைப் பேனாவை எடுத்தார். ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி என்னிடமே கொடுத்துவிட்டு, மாலையும் பொன்னாடையுமாகச் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் எதையும் நான் அவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை.

இதுவரை எழுதியதை நேற்று கவிதாவுக்கு அனுப்பினேன். இன்று காலை மறுபடியும் ஒத்தப்பனைவலசையிலிருந்து போன் வந்தது.

"படிச்சேன்க்கா. படிச்சுட்டு ராத்திரிச் சோறு இறங்கல, சிரிச்சுச் சிரிச்சு. இப்பச் சொல்லுங்க, 'நன்று'ன்னு போடவா?"

"போட்டா, நல்லா இருக்குற கட்டடத்துல எதுக்குக் கேஸு, எதுக்குக் காவல்னு எவனாவது கேப்பான். 'இடிக்கத்தக்கது' பக்கம் போகவே போகாத. 'இதர'வை அமுக்கு."

"அமுக்கிட்டேன். விளக்கம் கேக்குது."

ரேஞ்சர் நிரப்பாமல் விட்ட கட்டம் ஞாபகம் வந்தது. "உயிருடன் உள்ளதுன்னு எழுது," என்றேன்.

"ஆத்தாடி! சிஸ்டம் எடுத்துக்குமாக்கா?"

"எழுதித்தான் பாரேன்."

தட்டுகிற சத்தம் கேட்டது. "எடுத்துக்கிருச்சுக்கா!" என்று கத்தினாள். அவள் கத்தலுக்குப் பின்னால் பிள்ளைகள் இரைச்சல் கேட்டது. அதற்கும் மேலே ஜமீலா டீச்சரின் குரல் கேட்டது.

"ஏலே, சுவத்தைச் சுரண்டாத! கேஸாயிரும்!"